ராம் கம்மின்ஸ் பிக்கப்: ஸ்பேனரை எடுக்கும் முன் எந்தத் தலைமுறை என்று பாருங்கள்

"செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, எதை மாத்தணும்?" என்று ராம் கம்மின்ஸ் (கம்மின்ஸ் டீசல் இன்ஜின் வைத்த டாட்ஜ் ராம் பிக்கப்) வைத்திருக்கும் யார் கேட்டாலும், எந்த வருஷ வண்டி என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். 1996-ஆம் வருஷ வண்டி என்றால் பெரும்பாலும் ஒரு சின்ன சோலனாய்டு (கரண்டு வந்தால் லிவரை இழுக்கும் காந்தம்) அல்லது பழுத்துப்போன ரப்பர் ஹோஸ். 2000 என்றால் டேங்கிலிருந்து டீசலைக் கொண்டு வரும் ஃபீட் பம்ப் போய், அதை இன்ஜினுக்குள் அழுத்தி அனுப்பும் மெயின் பம்பும் போயிருக்கலாம். 2004 என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர். வெளியே தெரிவது மூன்றிலும் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு வேறு. இது தெரியாமல் யாரோ சொன்னதைக் கேட்டுப் பணத்தைக் கொட்டி பார்ட்ஸ் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். அமெரிக்காவிலோ கனடாவிலோ பழைய டீசல் ராம் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் வாங்க யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பானெட்டைத் திறங்கள்

சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருஷத்தைச் சொல்லும். ஆனால் இன்ஜினையே பார்த்தும் கண்டுபிடித்துவிடலாம், சில சமயம் அதுதான் நம்பகமானது, ஏனென்றால் முப்பது வருஷ வண்டியில் இன்ஜின் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

இன்ஜின் தலையில் ஆறு சின்ன மூடிகள் தனித்தனியாக வரிசையாக இருந்தால் அது 12 வால்வு. டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் 1989-இல் 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி டார்க்கும் கொண்டு வந்தது. அதிலிருந்து 1998 முதல் பாதி வரை எல்லாம் 12 வால்வுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இன்ஜின் புதிதல்ல, இதே பி (B) வரிசை 5.9 லிட்டர் இன்ஜினைத்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது. லாரி மெக்கானிக்கிடம் வேலை கற்றவருக்கு இதன் சத்தமே பழக்கப்பட்டதாக இருக்கும்.

12 வால்விலும் இரண்டு வகை. 1993 வரை பாஷ் நிறுவனத்தின் உருண்டையான விஇ பம்ப். 1994-இல் லாரி முகம் மாதிரி உயர்ந்த பானெட்டோடு இரண்டாம் தலைமுறை வந்தபோது, ஆறு பைப்பும் வரிசையாக மேலே கிளம்பும் நீளமான பி7100 பம்ப் வந்தது. எல்லாரும் "பி பம்ப்" என்று ஆசையாகச் சொல்வது இதைத்தான்.

ஆறு மூடிகளுக்குப் பதில் ஒரே பெரிய மூடி இருந்தால் 24 வால்வு. 1998 நடுவிலிருந்து 2002 வரை அதில் விபி44 என்ற எலக்ட்ரானிக் பம்ப். 2003-இல் மூன்றாம் தலைமுறையோடு, எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் காமன் ரயில் வந்தது. ஹெட்டை ஒட்டிப் படுத்திருக்கும் தடித்த எஃகுக் குழாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2007 நடுவில் 5.9 போய் 6.7 லிட்டர் வந்தது, கூடவே புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியும். 2010-இல் நான்காம் தலைமுறை, 2019-இல் ஐந்தாம் தலைமுறை. டாட்ஜிலிருந்து ராம் தனிப் பெயராகப் பிரிந்ததும் 2010-ஐ ஒட்டித்தான்.

பழுது பார்க்கிறவருக்கு வெளியே உடம்பு மாறியது முக்கியமல்ல, பம்ப் மாறியதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை பம்ப் மாறும்போதும் இந்த வண்டியின் பலவீனம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

இரண்டு பேட்டரி உள்ள வண்டி இது. ஒன்று செத்தாலும் இன்னொன்று செல்ஃபை மெதுவாகச் சுற்றி உங்களை ஏமாற்றும். அதனால் எந்த வருஷமாக இருந்தாலும் முதலில் இரண்டையும் தனித்தனியாகக் கழற்றி டெஸ்ட் பண்ணுங்கள். இன்னொன்று, ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது. இன்டேக்கில் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் செக்கச்சிவக்கக் காய்ந்துகொண்டிருக்கும்போது ஈதர் போனால் இன்டேக்கே வெடிக்கும். 

பி பம்ப் வண்டி என்றால்: பம்பை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் சோலனாய்டைப் பாருங்கள். சாவியை ஆன் செய்து இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, அதன் லிவர் மேலே இழுக்கப்படுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இழுக்கப்படவில்லை என்றால், சாவி ஆனில் இருக்கும்போதே கையால் லிவரை மேலே தூக்கிவிடுங்கள். தூக்கியது அப்படியே நின்றால் பிடித்து வைக்கும் காயில் நன்றாக இருக்கிறது, இழுக்கும் பக்கம்தான் போயிருக்கிறது, ரிலேயிலும் அதற்குப் போகும் ஒயரிலும் தேடுங்கள். கையை எடுத்ததும் கீழே விழுந்தால் அந்தக் காயிலுக்குக் கரண்டு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், வந்தும் விழுகிறதென்றால் சோலனாய்டைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு நிமிஷ வேலை, ஒரு டூல் கூட வேண்டாம்.

லிவர் ஒழுங்காக ஏறுகிறது, ஆனாலும் காலையில் மட்டும் நீண்ட நேரம் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் லைனில் காற்று ஏறுகிறது. ராத்திரி முழுக்க நின்றபோது டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. இன்ஜினின் பின்பக்கமும் டேங்க் பக்கமும் உள்ள ரப்பர் ஹோஸ்களை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இருபத்தைந்து வருஷ ரப்பரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மாற்றிய பிறகு மெக்கானிக்கல் ஃபீட் பம்பில் இருக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கி ஏர் எடுத்துவிட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

விபி44 வண்டி என்றால், சாவியைச் செல்ஃப் வரை ஒரு தட்டு தட்டிவிட்டு ஆனில் விட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் சுமார் 25 வினாடி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அது போய்விட்டது. ஓடினாலும் நம்பாதீர்கள், விபி44-க்குள் நுழையும் இடத்தில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். முள் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், விபி44-க்கு எண்ணெயும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். ஃபீட் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்போது வண்டி வழக்கம்போல ஓடும், ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது, உள்ளே மெயின் பம்ப் பட்டினியில் தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கணினியில் பி0216 என்ற கோளாறுக் கோட் வரும், அதாவது இன்ஜெக்‌ஷன் டைமிங்கைப் பம்பால் சரிசெய்ய முடியவில்லை என்று அர்த்தம். அந்தக் கோட் வந்த பிறகு விபி44 பிழைப்பது அபூர்வம். புது விபி44 போடுகிறவர் தயவுசெய்து பழைய ஃபீட் பம்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். டேங்க் பக்கம் வலுவான எலக்ட்ரிக் பம்பும் டேஷ்போர்டில் நிரந்தரமாக ஒரு கேஜும் போட்டால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

காமன் ரயில் வண்டியில் (2003 முதல்) ரயிலில் போதிய அழுத்தம் ஏறாதவரை கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ரயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் உடனே ரயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் சிபி3 பம்பைக் குறை சொல்ல வேண்டாம், அது நல்ல பம்ப். அனேகமாக ஏதோ ஒரு இன்ஜெக்டர் டீசலை ரிட்டர்னுக்கு விட்டுக்கொண்டிருக்கும், அல்லது ஹெட்டின் பக்கவாட்டில் நுழைந்து இன்ஜெக்டரில் உட்காரும் கனெக்டர் ட்யூப் சரியாக அமராமல் கசியும். ரயிலில் ஒவ்வொரு சிலிண்டர் லைனாக மூடிவிட்டு அடித்துப் பாருங்கள், எதை மூடியதும் அழுத்தம் சட்டென்று ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், ஓடும் இன்ஜினில் கசிவைத் தேடிக் கையை விடாதீர்கள். 1600 பார் அழுத்தத்தில் வரும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படி நடந்தால் அதே நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

மிதித்தால் இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது

எந்தத் தலைமுறையாக இருந்தாலும் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து டர்போவிலிருந்து, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்வரும் ரப்பர் பூட்டுகள். (1991 நடுவுக்கு முந்தைய வண்டியில் இன்டர்கூலரே கிடையாது, தேடி ஏமாற வேண்டாம்.) குழாயை அடைத்துக் கொஞ்சம் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

விபி44 வண்டியில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம், இரண்டு வினாடி எதுவுமே நடக்காமல் பெடல் செத்த மாதிரி கிடக்கிறது என்றால் பெடல் சென்சாரைச் சந்தேகப்படலாம், அதைவிட முதலில் மேலே சொன்ன கேஜைப் பார்க்க வேண்டும்.

6.7-இல் கதையே வேறு. அதன் டர்போவில் புகை நுழையும் வழியின் அகலத்தை மாற்றும் பகுதி ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும், கரி படிந்தால் அது சிக்கிக்கொள்ளும். ஊருக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் போய் ஐந்து கிலோமீட்டர் வரும் வண்டிக்குத்தான் இது அதிகம் வருகிறது. டேஷில் இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பட்டனை தினமும் போட்டு ஓட்டினால் அந்தப் பகுதி முழு தூரமும் நகர்ந்து கரி சேராமல் பார்த்துக்கொள்ளும். மலை இறங்க மட்டும்தான் அது என்று நினைத்து அணைத்தே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பழக்கத்தை மாற்றுங்கள்.

ஆயில் அளவு தானாகவே ஏறுகிறது

டிப் ஸ்டிக்கை எடுத்து ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, கொழகொழப்பு இல்லாமல் தண்ணீர் மாதிரி வழுக்கினால் டீசல் கலந்திருக்கிறது. 2003 முதல் 2007 வரையிலான 5.9 என்றால் இன்ஜெக்டர் நுனியோ உடலோ வெடித்திருக்கலாம், அப்படியே ஓட்டினால் பிஸ்டனை உருக்கிவிடும், வண்டியை நிறுத்துங்கள். 6.7-இல் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு: கரி வடிகட்டியைச் சூடாக்கி எரிப்பதற்காகக் கணினி கூடுதல் டீசலைச் செலுத்தும்போது அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். எரித்து முடிக்கும் முன்பே நீங்கள் தினமும் வண்டியை அணைத்தால் அது திரும்பத் திரும்ப ஆரம்பிக்கும், ஆயிலும் திரும்பத் திரும்பக் கெடும். வாரம் ஒரு முறை ஹைவேயில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

தண்ணீர் குறைகிறது, ஹோஸ் எல்லாம் காய்ந்தே இருக்கிறது

24 வால்வின் ஆரம்ப வருஷ வண்டியா? அப்படியானால் ரேடியேட்டரை விடுங்கள், ஒரு டார்ச்சும் ஒயர் பிரஷும் எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் இன்ஜின் பிளாக்கின் முன்பகுதியில் கீழே குனிந்து பாருங்கள். கிரீஸும் மண்ணும் ஏறிக் கறுத்திருக்கும், நன்றாகத் தேய்க்க வேண்டும். வார்ப்பிலேயே மேடாக ஓர் எண் வெளியே வரும். அது 53 என்றால் அந்த பிளாக்கில் தண்ணீர் ஓடும் சுவர் மற்றவற்றைவிட மெல்லியது, பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு விடக்கூடியது. பச்சையாகவோ வெள்ளையாகவோ காய்ந்த கூலன்ட் கோடு ஒன்று பிளாக்கின் மேலேயே ஓடியிருந்தால் அதுதான் விஷயம். இரும்பைத் தைப்பது போல ஆணி ஆணியாக இறக்கிச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒட்டுப் பசை போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 53 இருந்தால் எல்லாமே வெடிக்கும் என்று இல்லை, இன்றைக்கும் சுமை இழுத்துக்கொண்டு ஓடுபவை நிறைய. ஆனால் வாங்கப் போகிறவர் அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

12 வால்வு நன்றாக ஓடுகிறது, எந்த அறிகுறியும் இல்லை

இதற்கும் ஒரு தலைப்பு வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறுக்கு முன்னறிவிப்பு பெரும்பாலும் கிடையாது. டைமிங் கியர் பெட்டியை பிளாக்கில் நேராக உட்கார வைக்க ஒரு சின்ன எஃகு பின் இருக்கிறது. அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. பல வருஷ அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நடந்து வந்து, ஒரு நாள் கியர்களுக்கு நடுவே விழும். அதிர்ஷ்டம் இருந்தால் கேஸ் உடைந்து ஆயில் கொட்டுவதோடு போகும், இல்லாவிட்டால் டைமிங் சிதறி இன்ஜினே போய்விடும். கொலைகார டவல் பின் என்று இதற்கு அங்கே பெயரே வைத்துவிட்டார்கள். ஃபேனையும் கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள டாம்பரையும் முன் மூடியையும் கழற்றி, பின்னை உள்ளே தட்டி, பக்கத்து போல்டில் ஒரு தகட்டைச் சேர்த்து முடுக்கினால் தகடு அதன் வாயை மூடிவிடும். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு சனிக்கிழமை போதும். வண்டியை விற்றவர் "பின் வேலை செய்தாச்சு" என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள், பில் இல்லாவிட்டால் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர் பக்கம்

ஐந்து கியர் மேனுவல் (என்வி4500) வண்டியில் நாலு கியரும் சுத்தமாக விழுகிறது, ஐந்தாவதுக்குத் தள்ளினால் நியூட்ரல் மாதிரி இன்ஜின் மட்டும் உறுமுகிறது என்றால், மெயின் ஷாஃப்ட் பின்முனையில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட்டு கழன்றிருக்கிறது. கியர் பாக்ஸ் முழுவதும் போய்விட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்பக்கத்தைப் பிரித்தாலே அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

ஆட்டோமேட்டிக்கில், 1994-க்கும் 2002-க்கும் இடைப்பட்ட வண்டி சீராக ஓடும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டுவதும் விடுவதுமாகத் தவித்தால் கியர் பாக்ஸைத் தொடும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டேஜில் வைத்துப் பேட்டரியில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் டயோடு போயிருக்கிறது, அந்தக் கரண்டு இரைச்சல்தான் கணினியைக் குழப்புகிறது. ஆல்டர்னேட்டர் விலை எங்கே, கியர் பாக்ஸ் ஓவர்ஹால் விலை எங்கே!

பள்ளத்தில் இறங்கி ஏறினதும் ஸ்டியரிங் வெறி பிடித்த மாதிரி உதறுகிறது

முன் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும் நாலு சக்கர இழுவை வண்டிகளில் வரும் உதறல் இது. வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மெல்ல வேகத்தைக் குறையுங்கள். பலர் ஸ்டியரிங் டாம்பரை மட்டும் மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டதாக நினைக்கிறார்கள், அது நோயை மூடிப் போர்த்துவதுதான். வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்ட, நீங்கள் கீழே படுத்து, முன் ஆக்சிலைச் சேஸிஸோடு குறுக்கே கட்டும் டிராக் பாரின் இரண்டு முனையிலும் விரலை வைத்துப் பாருங்கள். லொடலொடப்பு விரலில் தெரியும். 1994-இலிருந்து 1990-களின் கடைசி வரை வந்த வண்டிகளில் டிராக் பாரின் சேஸிஸ் பக்க முனை பால் ஜாயின்ட்டாக இருக்கும், சீக்கிரம் தேயும். மூன்றாம் தலைமுறை மாதிரி புஷ் வைத்த பாரை அதற்கான பிராக்கெட்டோடு போட்டுவிட்டால் நிம்மதி. மூன்றாம் தலைமுறையில் சக்கரங்களை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் ஒய் வடிவத்தில் இருந்தது, பிறகு வந்த டி வடிவ அமைப்பு அதைவிட உறுதி, பழையதற்கும் அதைப் பொருத்தலாம். 2013-இல் ராம் 3500 மாடலுக்கும் 2014-இல் ராம் 2500 மாடலுக்கும் முன் சஸ்பென்ஷனையே மாற்றி அமைத்தார்கள்.

6.7: விளக்கு எரிகிறது

2013-க்கு முன்னால் பிக்கப்பில் யூரியா (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) டேங்க் கிடையாது, அதன் பிறகு உண்டு. யூரியா எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம், கவுன்ட் டவுன் முடிந்தால் வண்டி மணிக்கு 5 மைலுக்கு மேல் போகாது. -11 டிகிரியில் யூரியா உறைந்துவிடும், கனடாக் குளிரில் அது கோளாறு அல்ல, ஹீட்டர் உருக்கிக்கொள்ளும்.

67,500 மைலுக்கு ஒரு முறை வால்வு கவர் மேலே உள்ள கிராங்க் கேஸ் ஃபில்டரை மாற்றச் சொல்லி அட்டவணையிலேயே இருக்கிறது, ஆனால் முக்கால்வாசிப் பேர் மாற்றுவதில்லை.

புகையைக் கட்டுப்படுத்தும் எல்லா எமிஷன் சாமானையும் வெட்டி எறிந்துவிடு என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் அது சட்டவிரோதம், நானும் சொல்ல மாட்டேன். 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6.3 லட்சம் ராம் வண்டிகளின் இன்ஜின் மென்பொருளில் முறைகேடு இருந்ததாகச் சொல்லி அமெரிக்க அரசு எடுத்த வழக்கில், கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வருஷ வண்டி வைத்திருந்தால் ரீகால் (கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது) செய்தாகிவிட்டதா என்று சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2019, 2020 வண்டி என்றால் இன்னொரு ரீகாலும் உண்டு: அந்த இரண்டு வருஷம் மட்டும் சிபி4 பம்ப் போட்டார்கள், அது உடைந்தால் இரும்புத்தூள் டீசல் லைன் முழுக்கப் பரவி எல்லாவற்றையும் கெடுக்கும். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், 2021-இல் பழையபடி சிபி3-க்கே போனார்கள்.

கடைசியாக கிரிட் ஹீட்டர். 6.7-இல் ஹீட்டருக்குக் கரண்டு கொண்டு போகும் போல்ட்டின் நட்டு, சூட்டிலும் தீப்பொறியிலும் அரித்துத் தளர்ந்து உள்ளே விழுந்தால் நேராகச் சிலிண்டருக்குள் போகும். இன்டேக்குக்கு வெளியே தெரியும் அந்தப் போல்ட்டை, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, இரண்டு விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் செல்ஃப் அடிக்காமல் இன்டேக்கைத் திறந்து பாருங்கள். 2025 மாடலில் கிரிட் ஹீட்டரையே எடுத்துவிட்டு, சிலிண்டருக்குள்ளேயே சூடாக்கும் குளோ பிளக் வைத்துவிட்டார்கள், அதற்கு முந்தைய 6.7 எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் அந்தப் போல்ட்டைத் தொட்டுப் பார்க்கும் வேலை உங்களுடையதுதான்.